இல்லம் தேடி வரும் ஒளியிழை



மாலை ஏழு மணிக்கு நம் இல்லங்களில் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி இணையத்தின் வாயிலாக ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளறையில் மூத்த மகன் அலுவலகக் கூட்டத்தில் கணினி வழியே கலந்துகொண்டிருக்கிறான். கல்லூரியில் பயிலும் மகள் விரிவுரை ஒன்றைக் கேட்டுக் குறிப்பெடுக்கிறாள். இளையவன் கைப்பேசியில் விளையாடுகிறான். பாட்டியோ, குவைத்திலிருந்து அழைக்கும் பேரனின் முகத்தைக் காண ஆவலோடு அமர்ந்திருக்கிறார். முகம் தோன்றுகிறது. "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று அவன் கேட்கத் தொடங்கியதும், வாய் திறந்தது திறந்தபடியே படம் உறைந்து நின்றுவிடுகிறது. "யார் இங்கே படம் பார்க்கிறது? முதலில் அதை நிறுத்துங்கள்!" என்று ஒரு குரல் எழ, இல்லத்தில் சிறியதொரு போர் மூண்டுவிடுகிறது.

இது சின்னஞ்சிறு தொல்லைதானே என்று நாம் எண்ணிவிடலாம். ஆனால் சில குடும்பங்களில் இத்தொல்லை வயிற்றுப்பாட்டையே தொட்டுவிடுகிறது. நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தைக் குறிப்பிடுவோம். தாயும் மகளும் மட்டுமே வாழும் வீடு அது. தந்தை இறந்தபின் தாயைத் தனியே விட மனமில்லாத அம்மகள், சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தபடியே எழுதி அனுப்பி வந்தாள். வீட்டிலிருந்ததோ பழைய தொலைபேசிக் கம்பி வழியே வந்த இணைப்பு. மழை பெய்தால் அது ஊமையாகிவிடும். அந்நாட்களில் கணினியைப் பையிலிட்டுக்கொண்டு, நான்கு கிலோமீட்டர் தொலைவிலிருந்த தாய்மாமன் வீட்டுக்குப் பேருந்தில் செல்வாள். ஒரு மாத இறுதியில் அதுவும் இயலாமற் போயிற்று. கணக்கு நேரத்திற்குப் போய்ச் சேரவில்லை. "இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தது. அவ்வீட்டின் வாசலிலிருந்து முந்நூறு மீட்டர் தொலைவில், நெடுஞ்சாலையோரக் கம்பங்களில் ஒளியிழை வடம் சென்றுகொண்டிருந்தது! அம்முந்நூறு மீட்டரை அக்குடும்பம் எவ்வாறு கடந்தது என்பதைப் பின்னர் காண்போம். அதற்குமுன் இந்த ஒளியிழை என்பது யாது, அது ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

வளரும் தேவை

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாளில். தொலைபேசி வழியே எண்களைச் சுழற்றி, கீச்சென்ற ஒலிகளைக் கேட்டுக் காத்திருந்து இணைப்புப் பெற்ற காலத்தை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். அம்முறையில் பின்னாளில் எட்டப்பட்ட உச்ச வேகமே நொடிக்கு 56 ஆயிரம் பிட்டுகள்தாம். பிட் என்பது செய்தியின் மிகச் சிறிய துணுக்கு; எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். இன்று ஒரு சாதாரணக் கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் சுமார் ஐந்து மெகாபைட், அதாவது நான்கு கோடி பிட்டுகள். அந்த ஒரு படத்தைப் பழைய முறையில் அனுப்ப ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட், அதாவது பத்துக் கோடி பிட்டுகள் செல்லும் இணைப்பில் அதற்கு அரை நொடியும் வேண்டாம்.

அரசின் அளவுகோலும் மாறிவந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டில், நொடிக்கு 256 ஆயிரம் பிட் வேகமிருந்தாலே அது 'அகன்ற அலைவரிசை' எனப்பட்டது. பின்னர் அது 512 ஆயிரமாயிற்று. 2023ஆம் ஆண்டில் குறைந்த அளவு 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. ஆனால் இல்லங்களின் தேவை சட்டத்தின் அளவுகோலை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஜேக்கப் நீல்சன் என்னும் கணினியியலறிஞர் 1998ஆம் ஆண்டில் ஒரு கணிப்பை வெளியிட்டார். முன்னணியில் நிற்கும் பயனாளரின் இணைப்பு வேகம் ஆண்டுக்கு ஐம்பது விழுக்காடு வளரும் என்பதே அது. வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல் இதைக் கணக்கிட்டால் பத்தாண்டுகளில் ஐம்பத்தேழு மடங்கு ஆகும். எல்லா இல்லங்களும் அவ்வேகத்தில் வளர்வதில்லை. ஆயினும் வளர்ச்சியின் திசை எது என்பதில் ஐயமில்லை.

முதலில் கூறிய மாலைக் காட்சிக்கே வருவோம். தெளிவுமிக்க தொலைக்காட்சிப் படத்திற்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும். அதனினும் நுண்ணிய '4கே' படமாயின் 15 முதல் 25 வரை வேண்டும். அலுவலகக் கூட்டத்திற்கு 3 அல்லது 4. விரிவுரைக்கும் பாட்டியின் அழைப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 5. நாம் கேளாமலேயே கைப்பேசிகள் தம் நிழற்படங்களைத் தொலைதூரச் சேமிப்பகத்திற்கு அனுப்புவதும், கணினிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்வதும் தனி. ஆக, ஐவர் வாழும் இல்லத்திற்கு ஒரே வேளையில் 30 முதல் 40 மெகாபிட் தேவைப்படுவதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முன்பெல்லாம் இணையத்திலிருந்து நாம் பெற்றுக்கொண்டதே மிகுதி. அனுப்பியது மிகக் குறைவு. இன்று நம் முகமும் குரலும் வெளியே செல்கின்றன. நாம் எழுதிய கணக்குகளும் மாணவர் வரைந்த விடைத்தாள்களும் செல்கின்றன. உள்ளே வரும் வழி அகன்றும் வெளியே செல்லும் வழி குறுகியும் இருப்பின், நாம் அவர்களைக் காண்போம். அவர்கள் நம்மைக் காணமாட்டார்கள். 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டு, திருப்பலியையும் பள்ளிப் பாடத்தையும் சிறு திரையிற் கண்ட நாட்களில் இக்குறையை நாம் அனைவருமே உணர்ந்தோம்.

செப்புக் கம்பியின் எல்லை

தொலைபேசிக்கென இழுக்கப்பட்ட இரட்டைச் செப்புக் கம்பி, மனிதக் குரலைச் சுமப்பதற்காகவே அமைந்தது. நொடிக்கு 300 முதல் 3400 வரையிலான அதிர்வுகளைச் சுமந்தால் போதும் என்பதே அதன் இலக்கு. அக்கம்பியிலேயே உயர்ந்த அதிர்வுகளை ஏற்றி இணையத்தை அனுப்பும் உபாயம் பின்னர் வந்தது. அதைத்தான் நாம் 'டி.எஸ்.எல்.' என்று அழைத்தோம். பழைய கம்பியைக் கொண்டே புதிய பணியைச் செய்த அந்த உபாயம் பாராட்டத்தக்கதே. ஆனால் அதிர்வு உயர உயர, அது கம்பியில் விரைவாகத் தேய்ந்துபோகிறது. தொலைபேசி நிலையத்தின் அருகிலுள்ள வீட்டுக்கு நொடிக்கு இருபது மெகாபிட் கிடைக்கும்போது, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டுக்கு ஒன்றிரண்டு கிடைப்பதே அரிது. வெளியே அனுப்பும் வேகமோ பெரும்பாலும் ஒரு மெகாபிட் அளவே. இணைப்பு முடிச்சுகளில் மழைநீர் புகும், பச்சை பூக்கும், அண்டையிலுள்ள மின்சாதனங்களின் இரைச்சல் கலக்கும். நாம் கூறிய தாயும் மகளும் பட்ட துயரின் காரணம் இதுவே.

கம்பியே வேண்டாம், கைப்பேசிக் கோபுரம் போதுமே என்பாரும் உளர். கோபுரத்தின் அலைகளை அப்பகுதியிலுள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். மாலை வேளையில் பங்கு சிறுத்துவிடும். வடம் இழுக்க இயலாத மலையூருக்கும் தனித்த தீவுக்கும் கோபுரமும் செயற்கைக்கோளும் பேருதவியே. ஆனால் கோபுரத்தின் அடிவரை சென்று அதற்குத் தரவைக் கொணர்வதற்கும் ஒளியிழையே சாலச் சிறந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கண்ணாடிக்குள் நடக்கும் ஒளி

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கி நீருக்குள்ளிருந்து மேலே நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். தலைக்கு நேர் மேலே வானம் தெரியும். சற்றுச் சாய்வாக நோக்கினால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் மின்னி, கிணற்றின் அடியையே காட்டும். அடர்ந்த பொருளிலிருந்து அடர்த்தி குறைந்த பொருளுக்குச் செல்லும் ஒளி, மிகச் சாய்வாகச் சென்றால் வெளியேறாமல் முழுமையாகத் திரும்பிவிடுகிறது. ஜெனிவாவைச் சேர்ந்த கொலாடன் 1841ஆம் ஆண்டிலும், இலண்டனில் டிண்டால் 1854ஆம் ஆண்டிலும், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள்ளே ஒளி அடைபட்டுச் செல்வதை மக்களுக்குக் காட்டினர்.

நீர்த்தாரைக்குப் பதிலாகக் கண்ணாடி இழையைக் கொள்ளும் முயற்சியில் நம் நாட்டவர் ஒருவரின் பெயர் நிலைத்திருக்கிறது. பஞ்சாபின் மோகா நகரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு ஆய்வு செய்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களைக் கடத்திக் காட்டினார். அவர்களது கட்டுரை 1954ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் அக்காலத்துக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர் செல்வதற்குள்ளேயே மங்கிவிடும். அதனால் உடலுக்குள் பார்க்கும் மருத்துவக் கருவிக்கு அது பயன்பட்டது. ஊர்விட்டு ஊர் செய்தி அனுப்பப் பயன்படவில்லை.

இங்கேதான் ஷாங்காயிற் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ் வருகிறார். அவரும் அவருடன் பணிபுரிந்த ஹாக்கமும் 1966ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினர். 'குற்றம் கண்ணாடியின் இயல்பில் இல்லை. அதிற் கலந்துள்ள அழுக்குகளில்தான் இருக்கிறது. அவற்றை நீக்கி, ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் மிஞ்சுமாறு செய்தால் போதும். செய்தி அனுப்பலாம்' என்பது அதன் சாரம். பலர் இதை நம்பவில்லை. நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகிய மூவரும் அந்த அளவையும் விஞ்சிய தூய இழையைப் படைத்துவிட்டனர். காவுக்கு 2009ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய இழையின் தூய்மை எத்தகையது தெரியுமா? ஒளி பதினைந்து கிலோமீட்டர் சென்றபின்னும் அதில் பாதி எஞ்சியிருக்கும்!

அந்த இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி செல்லும் நடுப்பகுதியோ அதனினும் மிகச் சிறிது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு மட்டுமே. நம் தலைமுடிக்குள் அதை ஒளித்துவைக்கலாம்.

ஒரு தண்டு, பல கிளைகள்

ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி நிலையத்திலிருந்து தனித்தனி இழை இழுத்தால் செலவு பெருகும். ஆகவே பெரும்பாலான ஊர்களில் மரம்போன்ற அமைப்பைக் கையாளுகின்றனர். நிலையத்திலிருந்து ஓர் இழை தெருவரை வருகிறது. அங்கே கையடக்கமான ஒரு பிரிப்பான், அவ்வொளியை முப்பத்திரண்டாகவோ அறுபத்து நான்காகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அப்பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம். அதில் அசையும் உறுப்பும் இல்லை. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்வரை, வழியில் மின்சாரமே தேவையின்றி ஒளி வந்து சேர்கிறது. வழியில் பழுதாவதற்குரிய கருவிகள் குறைவு என்பதே இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு.

முப்பத்திரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் ஒளியின் வலிமை முப்பத்திரண்டில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் அச்சம் வேண்டாம். புறப்பட்ட ஒளியில் அறுநூறில் ஒரு பங்கு வந்தாலே படித்துக்கொள்ளும் ஆற்றல் வீட்டிலுள்ள கருவிக்கு உண்டு.

நிலையத்திலிருந்து வரும் ஒளி எல்லா வீடுகளுக்கும் ஒன்றாகவே வந்து சேர்கிறது. ஒரு தெருவின் அஞ்சல்களை எல்லாம் ஒரே கட்டாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காட்டுவதைப்போல் இதனைக் கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தன் முகவரியிட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அண்டை வீட்டார் மடலை நாம் பிரித்துப் படிக்க இயலாதவாறு அவை மறைகுறியில் எழுதப்பட்டிருக்கும். வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்வதோ வேறு விதம். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளியை அனுப்பினால் அவை கலந்து குழம்பிவிடும். ஆகவே நிலையத்திலுள்ள கருவி ஒவ்வொரு வீட்டின் தொலைவையும் அளந்தறிந்து, 'இந்தக் கணம் உனது, அடுத்த கணம் அவனது' என்று முறைவைக்கிறது. நம் உழவர்கள் வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போன்றதே இது. வருவதற்கு ஒரு நிற ஒளியும் போவதற்கு வேறு நிற ஒளியும் கையாளப்படுவதால், ஒரே இழையில் இரண்டும் மோதாமற் செல்கின்றன. இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிகள்.

நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் 'ஜிபான்' முறையின் இலக்கணம் 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதில் ஓர் இழை வீடுகளை நோக்கிக் கொணர்வது நொடிக்கு ஏறத்தாழ இரண்டரை கிகாபிட். திரும்ப எடுத்துச் செல்வது ஒன்றேகால் கிகாபிட். முப்பத்திரண்டு வீடுகளும் ஒரே நொடியில் முழுவீச்சில் உபயோகித்தாலும், வீட்டுக்கு 78 மெகாபிட் வரும். 39 மெகாபிட் போகும். எல்லாரும் ஒரே நொடியில் உபயோகிப்பதில்லை என்பதால், உண்மையிற் கிடைப்பது இதனினும் மிகுதி. 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அடுத்த முறையில் இரு திசையிலும் பத்து கிகாபிட் செல்கிறது. அதற்கடுத்த ஐம்பது கிகாபிட் முறைக்கும் 2021ஆம் ஆண்டில் இலக்கணம் பிறந்துவிட்டது. இம்மாற்றங்கள் எவற்றுக்கும் மண்ணில் புதைத்த இழையைத் தோண்டி எடுக்கவேண்டியதில்லை. இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். ஒரு முறை இழையிட்டால் பிள்ளைகளின் காலத்திற்கும் அது உதவும்.

எட்டு ஊர்களின் முயற்சி

இத்துணை சிறப்புடைய இழை ஏன் எல்லா வீடுகளுக்கும் வரவில்லை? கண்ணாடி விலை மலிந்ததே. பள்ளம் தோண்டுவதும் கம்பம் நடுவதும்தான் பெருஞ்செலவு. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பள்ளத்துக்கு நூறு வீடுகள் கிடைக்கும்; சிற்றூரில் ஒரு பள்ளத்துக்கு ஒரு வீடு. வணிகக் கணக்குப் பார்ப்போர் எங்கே முதலில் செல்வர் என்று கூறவேண்டுமா?

இங்கிலாந்தின் வடபகுதியில் லங்காஷயர் மாவட்டத்தில், லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஊர்களுக்கும் இதே நிலைதான் இருந்தது. ஆடு மாடு வளர்க்கும் பண்ணைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. நல்ல இணைப்பு வரும் நம்பிக்கை இல்லை. 2011ஆம் ஆண்டில் அங்குள்ள எட்டு ஊர்களின் மக்கள் தமக்கெனச் சமூகநல நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாரி ஃபோர்டு என்னும் வலையமைப்பு வல்லுநரும், பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ் காண்டர் என்னும் பெண்மணியும் அதில் முன்னின்றனர். ஊரார் பங்குகளை வாங்கிப் பணம் திரட்டினர். நிலக்கிழார்கள் தம் வயல்களின் வழியே வடம் செல்லக் கட்டணமின்றி இடமளித்தனர். தார்ச்சாலையைத் தோண்டுவதைவிட வயலைத் தோண்டுவதற்குச் செலவு மிகக் குறைவு. உழவர் தம் இயந்திரங்களைக் கொணர்ந்தனர். முதியோரும் இளைஞரும் மண்வெட்டி ஏந்தினர். பிளாஸ்டிக் குழாயை முதலிற் புதைத்து, அதற்குள் காற்றழுத்தத்தால் இழையைச் செலுத்தும் வித்தையைத் தாமே கற்றுக்கொண்டனர். உள்ளே வரவும் வெளியே செல்லவும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் அப்பண்ணை வீடுகளுக்குக் கிடைத்தது. பல பெருநகர மக்களும் அன்று அத்தகைய வேகத்தைக் கண்டதில்லை. இன்று அந்நிறுவனம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு ஒளியிழை அளித்துள்ளது.

அமெரிக்காவின் டென்னிசி மாநிலத்துச் சட்டனூகா நகரம் வேறொரு வழியைக் காட்டியது. நகருக்குச் சொந்தமான மின்வாரியமே ஒளியிழை அமைத்து, 2010ஆம் ஆண்டில் நகரம் முழுவதற்கும் ஒரு கிகாபிட் இணைப்பை வழங்க முன்வந்தது. 2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஏழைக் குடும்பத்து மாணவர் ஏறத்தாழ 28,000 பேருக்குப் பத்தாண்டுகள் இலவச இணைப்பு அளிக்கும் திட்டமும் அங்கே தொடங்கப்பட்டது. வடம் ஊரின் உடைமையாக இருந்ததால், துன்பக்காலத்தில் அதை ஏழைச் சிறுவர்பால் திருப்ப முடிந்தது.

நம் நாட்டிலும் அரசு வாளாவிருக்கவில்லை. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. பின்னர் அது 'பாரத்நெட்' எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. ஊராட்சி அலுவலகம்வரை இழை வருவது பெரும்பணியே. ஆனால் அங்கிருந்து குடிசைவரை வருவது இன்னொரு பணி. மாணவர் இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதியே எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை தாளிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு அந்தக் கடைசிச் சில நூறு மீட்டர்களே தடையாய் நிற்கின்றன.

இப்போது நம் தாயிடமும் மகளிடமும் திரும்புவோம். நெடுஞ்சாலையில் வடம் செல்வதைக் கண்ட மகள், அச்சேவை நிறுவனத்திடம் சென்று கேட்டாள். "ஒரு வீட்டுக்காகக் கம்பம் நட முடியாதம்மா, பத்து வீடு சேர்ந்தால் சொல்லுங்கள்" என்றனர். மகள் சோர்ந்துபோனாள், தாய் சோரவில்லை. கையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, ஞாயிறு பிற்பகலில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தையற்கடை வைத்திருப்பவர், மளிகைக் கடைக்காரர், வெளிநாட்டில் மகன் இருக்கும் முதியவர் என்று பதினொரு வீட்டார் கையெழுத்திட்டனர். அத்தெருவில் அத்தனை வீடுகளுக்கும் தேவை இருந்தது. எவரும் மற்றவரிடம் வாய்திறந்து கேட்டதில்லை! ஆறு வாரங்களில் கம்பங்கள் நடப்பட்டன. அம்மகள் இன்றும் அதே வேலையில் இருக்கிறாள்.

இல்லத்தார் கவனிக்க வேண்டியவை

ஒளியிழை வந்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று எண்ணலாகாது. சில குறிப்புகளை இங்கே தருகிறோம்.

1. இணைப்பு வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே வரும் வேகம் என்ன? வெளியே செல்லும் வேகம் என்ன? மாதத்தில் குறிப்பிட்ட அளவு தரவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும்? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் விடை மட்டுமே.

2. தேவைக்கேற்ப வாங்குங்கள். ஐவர் உள்ள இல்லத்திற்கு 100 மெகாபிட் தாராளமாகப் போதும். ஓய்வூதியத்தில் வாழும் இருவருக்கு அதிற் பாதியே மிகுதி. பெரிய எண்ணைக் கண்டு மயங்கிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

3. வேகக்குறைவு வீட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். சில மாதங்கள் நாமே ஒரு நிறுவனத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தோம். பழுது பார்க்க வந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, இரும்பு அலமாரியின் பின்னே நாம் மறைத்துவைத்திருந்த வைஃபை பெட்டியை எடுத்து வெளியே வைத்தார், குறை தீர்ந்தது! பெட்டியை வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அதிலுள்ள இரு அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் மிக்கது. ஆனால் சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் செல்லும், வேகம் குறைவு. தொலைக்காட்சிக்கும் அலுவலகக் கணினிக்கும் கூடுமானால் கம்பி வழியே இணைப்புக் கொடுங்கள்.

4. இழையை மடிக்காதீர்கள், ஆணி அடித்து இறுக்காதீர்கள், கதவிடுக்கில் நசுக்காதீர்கள். கூர்மையாக வளைத்தால் உள்ளிருக்கும் ஒளி வெளியே கசிந்துவிடும்.

5. அறுந்த இழையின் முனையையோ கழற்றிய இணைப்பின் முனையையோ கண்ணருகே வைத்து நோக்காதீர்கள். அவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்கு ஊறு செய்யக்கூடும். ஒடிந்த கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் எடுப்பதும் கடினம். சிறுவர்களை விலக்கி வையுங்கள்.

6. பெட்டியில் 'லாஸ்' என்னும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஒளி வீட்டுக்கு வந்துசேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை நூறு முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை, நிறுவனத்தை அழையுங்கள்.

7. பழைய செப்புத் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. ஆதலால் மின்தடையிலும் அது பேசியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் மின்சாரம் நின்றால் இணைப்பும் நின்றுவிடும். முதியோரும் நோயாளரும் உள்ள இல்லத்தில், அப்பெட்டிக்கென ஒரு சிறு மின்கல அமைப்பை வைத்துக்கொள்வது நலம்.

முடிவாக

வழி அகன்றுவிட்டது என்பதற்காக நம் மாலைப்பொழுது நீண்டுவிடாது. முன்பு ஒருவர் படம் பார்த்தால் மற்றவர் காத்திருக்கவேண்டியிருந்தது. இப்போது ஐவரும் ஐந்து அறைகளில் ஐந்து படங்கள் பார்க்கலாம். சண்டை தீர்ந்துவிடும், சண்டையோடு சேர்ந்து பேச்சும் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் கடமை பெற்றோருடையது. இரவு உணவு வேளையில் பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கைப்பேசிகள் வேறு அறையில் இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் தெருவில் இணைப்பில்லாத வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கக்கூடும். மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் முன்னறையில் அமர்ந்து அப்பிள்ளை படிப்பதால் உங்கள் இணைப்பில் எதுவும் குறைந்துவிடாது. தெருவுக்கே இணைப்பு வரவில்லையாயின், ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். லூன் பள்ளத்தாக்கின் உழவர்களும் நம் ஊர்த் தாயும் அவ்வாறுதான் தொடங்கினார்கள்.